புதுக் கேமை முதல் அரை மணி நேரத்தில் கொல்லாமல் இருப்பது எப்படி: லிஃப்டர் தேர்வும் பிரேக்-இன்னும்

இந்த வழிகாட்டி ஷெவ்ரோலேவின் பழைய ஸ்மால் பிளாக் 350 வி8 எஞ்சினை வைத்து எழுதியது. புஷ்ராட் உள்ள மற்ற அமெரிக்க வி8 எஞ்சின்களுக்கும் வேலையின் வரிசை இதேதான், அளவுகள்தான் மாறும். கேம் என்பது வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் கேம்ஷாஃப்ட் தண்டு, அதில் முட்டை வடிவில் மேடாக இருக்கும் பகுதிதான் லோப். லோப் லிஃப்டரைத் தள்ளும், லிஃப்டர் புஷ்ராட் என்ற கம்பியைத் தள்ளும், அது ராக்கர் என்ற நெம்புகோல் வழியாக வால்வைத் திறக்கும். நம்ம ஊர் மெக்கானிக் கடைகளில் டேப்பட் என்று சொல்வதையே இங்கே லிஃப்டர் என்கிறேன். புது லோப்பும் புது லிஃப்டரும் ஒன்றோடொன்று பழகும் முதல் ஓட்டம்தான் பிரேக்-இன்.

புதிதாக எஞ்சின் கட்டுகிறவர்கள் எல்லோரும் "ஸ்டார்ட் ஆனதும் என்ன செய்யணும்?" என்றுதான் கேட்கிறார்கள். நான் கழற்றிப் பார்த்த தேய்ந்த கேம்களில் பாதிக்கு மேல், சாவியைத் திருப்புவதற்கு முன்பே விதி எழுதப்பட்டவை. அதனால் இங்கே ஸ்டார்ட் செய்யும் பகுதி பிந்தித்தான் வரும். பொறுமையாகப் படியுங்கள்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளாட் லிஃப்டர் (அடியில் சக்கரம் இல்லாத வகை, சக்கரம் உள்ளது ரோலர்) மேலும் கீழும் போனால் மட்டும் போதாது, தன் இடத்தில் சுழலவும் வேண்டும். அதன் அடிமுகம் பார்க்கத் தட்டையாக இருந்தாலும் நடுவில் சுமார் 0.002 அங்குலம் மேடு வைத்துச் செய்திருப்பார்கள். கேமின் லோப்பும் ஒரு பக்கம் லேசாகச் சரிந்திருக்கும். லோப்பின் நடுவிலிருந்து லிஃப்டர் சற்றுத் தள்ளி நிற்கும். இந்த மூன்றும் சேர்ந்துதான் லிஃப்டரைச் சுற்ற வைக்கின்றன. சுற்றாத லிஃப்டர் ஒரே கோட்டில் உரசும். உரசினால் சில நிமிடங்களில் லோப் மழுங்கிவிடும். கீழே சொல்லும் படிகளில் பாதி, இந்தச் சுழற்சி நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதற்காகத்தான்.

1. லிஃப்டர் வகையை முதலில் முடிவு செய்யுங்கள், கேம் அப்புறம்

பலர் கேட்டலாகில் குதிரைத்திறனைப் பார்த்துக் கேமை வாங்கிவிட்டு, லிஃப்டரை அதற்குத் தோதாகத் தேடுகிறார்கள். தலைகீழான வரிசை. ஒரு வகை லிஃப்டருக்கு அரைத்த கேமில் வேறு வகையைப் போட முடியாது. ரோலருக்கான லோப்பில் ஃப்ளாட் லிஃப்டரைப் போட்டால் இரண்டுமே குப்பைக்குத்தான்.

ஹைட்ராலிக் ஃப்ளாட்: உள்ளே ஆயிலின் மேல் நிற்கும் பிளஞ்சர் என்ற சிறு உருளை இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும். விலை குறைவு, சத்தம் குறைவு, ஒருமுறை செட் செய்தால் திரும்பத் தொட வேண்டாம். 6000 ஆர்.பி.எம்மைத் தாண்டினால் லிஃப்டர் உள்ளே ஆயில் கூடிப்போய் வால்வு முழுசாக மூடாத நிலை வரலாம். வார இறுதியில் மட்டும் ஓட்டுகிற காருக்கு இது போதும்.

சாலிட் ஃப்ளாட்: உள்ளே பிளஞ்சர் கிடையாது, ஒரே கட்டி. அதிக ஆர்.பி.எம் தாங்கும். அவ்வப்போது வால்வு கவரைத் திறந்து இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். கையில் கிரீஸ் படுவது பிடித்தவர்களுக்கு இதைவிட நல்ல லிஃப்டர் இல்லை என்பது என் எண்ணம். அடிமுகத்தில் மெல்லிய ஆயில் துளை போட்ட வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். லோப்பில் நேராக ஆயில் விழும்.

ஹைட்ராலிக் ரோலர்: அடியில் சக்கரம் இருப்பதால் உரசல் இல்லை. ஆகவே கீழே வரும் 20 நிமிடச் சடங்கும் வேண்டாம். லோப்பைச் செங்குத்தாக அரைக்க முடிவதால் வால்வு சீக்கிரம் திறந்து சீக்கிரம் மூடும். விலை பல மடங்கு.

சாலிட் ரோலர்: ரேஸ் காருக்கு. ஸ்பிரிங் இறுக்கம் மிகவும் அதிகம். தினமும் சிக்னலில் நின்று நின்று ஓட்டுகிற காரில் போடாதீர்கள். சக்கரத்தின் ஊசி பேரிங்குகளுக்கு நீண்ட நேர ஐட்லிங்கில் ஆயில் போதாது.

இன்னொரு விஷயம். ஃப்ளாட் லிஃப்டரின் விட்டம் ஷெவியில் (ஷெவ்ரோலே) 0.842 அங்குலம், ஃபோர்டில் 0.875, கிரைஸ்லரில் 0.904. விட்டம் பெரிதானால் லோப்பை வேகமாக ஏறும்படி அரைக்கலாம். கிரைஸ்லருக்கென அரைத்த லோப் வடிவத்தை ஷெவியில் கேட்டு வாங்காதீர்கள். தொடும் இடம் லிஃப்டரின் விளிம்பைத் தாண்டிப்போய் விளிம்பே லோப்பைச் சீவிவிடும்.

2. பழைய பிளாக்கில் ரோலர் போடுவதானால்

1987 முதல் கார்களில் வந்த பல ஸ்மால் பிளாக்குகளில் தொழிற்சாலையிலேயே ஹைட்ராலிக் ரோலர் இருந்தது. அவற்றில் லிஃப்டர் திரும்பிவிடாமல் பிடிக்கும் தகடுகளுக்கு பிளாக்கிலேயே இடம் உண்டு. பழைய பிளாக்கில் அந்த இடம் கிடையாது. அதற்கு இரண்டிரண்டாகக் கம்பியால் இணைத்த லிஃப்டர்கள் வேண்டும். ரோலர் மட்டும் சுழலவே கூடாது, சக்கரம் எப்போதும் லோப்பின் திசையிலேயே இருக்க வேண்டும்.

லிஃப்டர் உயரமானது என்பதால் புஷ்ராட் குட்டையாக வேண்டும். ஃப்ளாட் எஞ்சினில் சுமார் 7.8 அங்குலம், தொழிற்சாலை ரோலர் எஞ்சினில் சுமார் 7.2. உங்கள் எஞ்சினுக்கு எவ்வளவு என்பதை நீளம் மாற்றக்கூடிய சோதனை புஷ்ராட் வைத்து அளந்துதான் வாங்க வேண்டும்.

ஃப்ளாட் கேமில் லோப்பின் சரிவு கேமைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். ரோலர் லோப்பில் சரிவு இல்லை. எனவே பழைய பிளாக்கில் கேம் முன்னும் பின்னும் நகரும், நகர்ந்தால் இக்னிஷன் டைமிங்கும் ஆடும். அதற்காகக் கேமின் முன்னால் ஒரு பட்டன் போட்டு டைமிங் கவரில் முட்டும்படி வைப்பார்கள். மெல்லிய தகரக் கவர் வளைந்து கொடுத்துவிடும், கெட்டியான கவர் வாங்குங்கள்.

கடைசியாக, ஸ்பார்க்கைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைக் கேமோடு கோக்கும் கியர். ரோலர் கேம்களில் பல ஸ்டீலில் செய்தவை. பழைய வார்ப்பிரும்பு கியரை அப்படியே விட்டால் பல்லைத் தின்று ஆயில் முழுக்க இரும்புத்தூள் ஆக்கிவிடும். கேம் செய்தவர் எந்த உலோகக் கியரைச் சொல்கிறாரோ அதையே போடுங்கள். மூன்று லட்சம் ரூபாய் செலவழித்தவர்கூட இந்த ஒரு கியரில் கஞ்சத்தனம் செய்ததைப் பார்த்திருக்கிறேன்.

ரோலர்காரர்களுக்கு இனி வரும் படிகளில் ஸ்பிரிங், பிஸ்டன் இடைவெளிகளும், கேமை மாட்டி டைமிங் வைப்பதும், ராக்கரை செட் செய்வதும், ஆயில் ப்ரைமிங்கும் (ஸ்டார்ட்டுக்கு முன் ஆயிலை மேலே ஏற்றுவது), ஸ்டார்ட் தயாரிப்பும் பொருந்தும். மற்றவை ஃப்ளாட்காரர்களுக்கு.

3. ஸ்பிரிங்கைக் கேமோடு சேர்த்து வாங்குங்கள்

ஹைட்ராலிக் ஃப்ளாட்டுக்கு வால்வு மூடியிருக்கும்போது 90 முதல் 120 பவுண்டும், முழுசாகத் திறந்திருக்கும்போது சுமார் 300 பவுண்டும் போதும். "பின்னாடி பெரிய கேம் போடப்போறேன்" என்று ரோலர் ஸ்பிரிங்கை இப்போதே மாட்டி வைப்பவர்கள் உண்டு. புது லோப்பும் புது லிஃப்டரும் இன்னும் ஒன்றோடொன்று பழகாத நேரம் அது. அப்போது 400 பவுண்டு அழுத்தத்தைத் தாங்காது.

இரட்டை ஸ்பிரிங் என்றால் பிரேக்-இன் முடியும்வரை உள் ஸ்பிரிங்கைக் கழற்றி வையுங்கள். 16 வால்விலும் கழற்றி மாட்டுவது அரை நாள் வேலை, அலுப்புதான். ஆனால் கேம் மாற்றுவது அதைவிடப் பெரிய வேலை. வால்வைக் குறைவாகத் திறக்கும் குறைந்த விகித ராக்கர் கிடைத்தாலும் அதே பலன்தான்.

ஸ்பிரிங்கை மாட்டிய கையோடு இரண்டு இடைவெளிகளைப் பாருங்கள். வால்வு முழுசாகத் திறந்திருக்கும்போது ஸ்பிரிங் சுருள்கள் முட்டிக்கொள்ள இன்னும் 0.060 அங்குலமாவது மிச்சம் இருக்க வேண்டும். பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடையில் இன்டேக்கில் 0.080, எக்ஸாஸ்ட்டில் 0.100. பிஸ்டன் மேல் களிமண் வைத்துச் சுற்றினால் தெரிந்துவிடும்.

4. ஆயில்

ஃப்ளாட் லோப்பைக் காப்பது இசட்.டி.டி.பி. என்ற துத்தநாக-பாஸ்பரஸ் கலவை. சூடும் அழுத்தமும் சேரும்போது உலோகத்தின் மேல் மெல்லிய தியாகப் படலமாகப் படிந்து, இரும்பு தேய்வதற்குப் பதில் தான் தேயும். பாஸ்பரஸ் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுப்பதால், இன்றைய கார்களுக்கான 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயில்களில் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) விதிப்படி அது 800 பி.பி.எம்முக்கு (பத்து லட்சத்தில் 800 பங்கு) மேல் இருக்க முடியாது. ஃப்ளாட் கேமுக்கு 1200 முதல் 1500 வரை வேண்டும். சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய சாதாரண ஆயில் இதற்கு ஆகாது.

பிரேக்-இன்னுக்கென்றே விற்கும் மினரல் ஆயிலை வாங்குங்கள். சிந்தெடிக் வேண்டாம், பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு படியட்டும். அந்த ஆயிலில் போதுமான அளவு ஏற்கெனவே இருக்கும். அதற்கு மேல் ஒரு பாட்டில் துத்தநாகச் சேர்க்கையையும் ஊற்றாதீர்கள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது இங்கே உவமை இல்லை, 2000 பி.பி.எம்மைத் தாண்டினால் உலோகத்தை அரிக்கவே ஆரம்பிக்கும்.

"டீசல் எஞ்சின் ஆயில் ஊற்று, அதில் துத்தநாகம் நிறைய" என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். ஒரு காலத்தில் சரி. டீசல் வண்டிகளுக்கும் புகை விதிகள் வந்த பிறகு அந்த ஆயிலிலும் அளவைக் குறைத்துவிட்டார்கள்.

5. பெட்டியைத் திறந்ததும் சோதியுங்கள்

புதுக் கேம் என்றால் 16 லிஃப்டரும் புதிதாகவே இருக்க வேண்டும். பழைய ஃப்ளாட் லிஃப்டரின் அடிமுகம் பழைய லோப்புக்கு ஏற்பத் தேய்ந்து மேடு போயிருக்கும். புது லோப்பில் அது சுழலாது. பழைய கேமையே திரும்பப் போடுவதானால், எந்த லிஃப்டர் எந்த லோப்பில் இருந்ததோ அங்கேயே போக வேண்டும். கழற்றும்போதே எண் போட்டு வையுங்கள். பாத்திரத்தில் 16-ஐயும் கொட்டி ஊறவைத்துவிட்டால் கதை முடிந்தது.

புது லிஃப்டரை நம்பிவிடாதீர்கள். இரண்டை எடுத்து அடிமுகத்தோடு அடிமுகம் வைத்துப் பாருங்கள். லேசாக ஆட வேண்டும். ஆடாமல் தட்டையாக ஒட்டிக்கொண்டால் மேடு இல்லை என்று பொருள். ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பை அடிமுகத்தில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தாலும் தெரியும். பதினாறில் ஒன்று சரியில்லை என்றாலும் அதைத் திருப்பி அனுப்புங்கள். ஒரு லிஃப்டர் போதும் முழுக் கேமையும் காலி செய்ய.

அடுத்து பிளாக்கில் லிஃப்டர் போகும் துளைகள். நன்றாகத் துடைத்து, ஒரு சொட்டு ஆயில் விட்டு, லிஃப்டரை வைத்தால் தன் எடையில் இறங்க வேண்டும், விரலால் தட்டினால் சுற்ற வேண்டும். சிக்கினால் அங்கே பழைய வார்னிஷோ பிசிறோ இருக்கிறது. மென்மையான பிரஷ் ஹோனால் (துளையைத் தேய்த்துச் சீராக்கும் கருவி) இரண்டு முறை விட்டெடுத்தால் சரியாகிவிடும். அதற்குமேல் தேய்த்தால் துளை பெரிதாகி ஆயில் கசியும்.

6. கேமை உள்ளே விடுவது

கேமின் முன்பக்க போல்ட் துளைகளில் இரண்டு நீள போல்ட்டை மாட்டிப் பிடியாக வைத்துக்கொள்ளுங்கள். லோப்பின் கூர்மையான ஓரம் கேம் பேரிங்கைக் கீறிவிடாமல் இருக்க மெதுவாக, சுற்றிச் சுற்றி உள்ளே விடுங்கள்.

என்ன பூச வேண்டும், எங்கே பூச வேண்டும் என்பதில்தான் குழப்பம். கேமோடு வரும் கறுப்பு மாலிப்டினம் பேஸ்ட்டை லோப்பின் மேலும் லிஃப்டரின் அடிமுகத்திலும் மட்டும் தாராளமாகப் பூசுங்கள். கேம் பேரிங்கில் உட்காரும் வட்டப் பகுதிகளுக்கு ஆயில். லிஃப்டரின் பக்கவாட்டுக்கும் ஆயில்தான். பாசத்தோடு லிஃப்டர் முழுக்கப் பேஸ்ட் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். அது துளைக்குள் பசைபோல நின்று எதைச் சுழல வைக்க வேண்டுமோ அதையே நிறுத்திவிடும்.

ஹைட்ராலிக் லிஃப்டரை இரவெல்லாம் ஆயிலில் ஊறவைக்கத் தேவையில்லை. ப்ரைமிங் செய்யும்போது தானே நிறையும்.

டைமிங் கியர்களில் உள்ள புள்ளிகளை நேருக்கு நேர் வைத்து செயினை மாட்டி, மூன்று போல்ட்டுக்கும் லாக் திரவம் விட்டு 18 முதல் 20 பவுண்ட்-அடி முறுக்குங்கள். இப்போது ஒரு பெரிய பொறி காத்திருக்கிறது. ஸ்மால் பிளாக்கில் இரண்டு புள்ளிகளும் நேருக்கு நேர் பார்க்கும்போது கம்ப்ரஷனின் உச்சியில் இருப்பது 1-ஆம் சிலிண்டர் அல்ல, 6-ஆம் சிலிண்டர். இதைத் தெரியாமல் அந்த நிலையில் 1-க்கு டிஸ்ட்ரிபியூட்டரை வைத்தால் 180 டிகிரி தவறாகிப்போய் எஞ்சின் ஸ்டார்ட்டே ஆகாது. ஸ்டார்ட்டரைச் சுற்றிக்கொண்டே இருப்பீர்கள், லோப்பில் பூசிய பேஸ்ட் வழிந்துகொண்டே இருக்கும்.

7. ப்ரீலோடும் சுழற்சிச் சோதனையும், ஒரே சுற்றில்

ப்ரீலோடு என்பது ஹைட்ராலிக் லிஃப்டரின் பிளஞ்சரை ராக்கர் நட்டால் கொஞ்சம் அழுத்தி வைப்பது. கையால் எஞ்சினைச் சுற்றும் ஒவ்வொரு முறையும் பேஸ்ட் கொஞ்சம் போகும். அதனால் மூன்று வேலைகளை ஒன்றாகச் செய்யுங்கள். இன்டேக் மேனிஃபோல்டை இன்னும் மாட்ட வேண்டாம், லிஃப்டர்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

முதலில் ராக்கர் இல்லாமல், புஷ்ராட் நுனியில் டயல் இண்டிகேட்டர் (நுண்ணிய நகர்வை அளக்கும் கருவி) வைத்து ஒவ்வொரு லோப்பின் உயரத்தையும் அளந்து நோட்டில் எழுதுங்கள். உதாரணமாக லோப் 0.318 அங்குலம் என்றால் 1.5 விகித ராக்கரில் வால்வு 0.477 திறக்கும். பதினாறு எண்கள். இதை யாரும் செய்வதில்லை. பிரேக்-இன் முடிந்தபின் "கேம் நல்லா இருக்கா?" என்ற கேள்விக்கு இந்த நோட்டைத் தவிர வேறு நேர்மையான பதில் கிடையாது.

அப்புறம் ராக்கர்களை மாட்டுங்கள். எக்ஸாஸ்ட் வால்வு திறக்க ஆரம்பிக்கும்போது அதே சிலிண்டரின் இன்டேக்கை செட் செய்யுங்கள். இன்டேக் ஏறி இறங்கி, மூடப்போகும்போது எக்ஸாஸ்ட்டை செட் செய்யுங்கள். இந்த வரிசையில் போனால் செட் செய்யும் லிஃப்டர் கட்டாயம் லோப்பின் தாழ்ந்த பக்கத்தில் இருக்கும். 1-8-4-3-6-5-7-2 என்ற ஃபயரிங் ஆர்டரில் போங்கள்.

ஹைட்ராலிக்கில் ஆட்டம் போகும் புள்ளியைக் கண்டுபிடிக்க, புஷ்ராட்டை மேலும் கீழும் அசையுங்கள். விரலால் உருட்டிப் பார்த்து, உருளாத இடம்தான் பூஜ்யம் என்று நினைப்பது பரவலான தவறு. உள்ளே உள்ள பிளஞ்சர் ஸ்பிரிங் மெல்லியது. உருளாமல் நிற்கும் நேரத்தில் நீங்கள் ஏற்கெனவே அதை அழுத்தியிருப்பீர்கள். மேலும் கீழும் ஆட்டம் நின்றதும் நட்டை அரைச் சுற்று இறுக்குங்கள். அங்குலத்துக்கு 24 மரை உள்ள ஸ்டட்டில் அரைச் சுற்று என்றால் ராக்கரின் நடுப்பகுதி 0.021 அங்குலம் இறங்கும், ராக்கரின் கை நீளத்தால் புஷ்ராட் பக்கம் அது சுமார் 0.035 ஆகிவிடும். பொதுவாகச் சொல்லும் 0.020 முதல் 0.060 வரையிலான எல்லையில் அழகாக உட்காரும். பயந்துபோய் இரண்டு சுற்று இறுக்கினால் வால்வு மூடாது, கம்ப்ரஷன் இருக்காது, ஸ்டார்ட்டும் ஆகாது.

சாலிட் என்றால் கேமோடு வரும் அட்டையில் எழுதியிருக்கும் இடைவெளி பெரும்பாலும் எஞ்சின் சூடாக இருக்கும்போது உள்ள அளவு. குளிரில் செட் செய்யும்போது பிளாக்கும் ஹெட்டும் இரும்பு என்றால் 0.002 அங்குலம் கூட்டுங்கள். இரும்பு பிளாக்கில் அலுமினிய ஹெட் என்றால் 0.006 குறையுங்கள், ஏனென்றால் சூடாகும்போது அலுமினியம் அதிகம் உயர்ந்து இடைவெளியைப் பெரிதாக்கும்.

செட் செய்துகொண்டே போகும்போது ஒவ்வொரு லிஃப்டர் தலையிலும் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். இரண்டு முழுச் சுற்றுக்குப் பின் எல்லாக் கோடுகளும் கொஞ்சமாவது திரும்பியிருக்க வேண்டும். ஒன்று திரும்பவில்லை என்றால் அந்த லிஃப்டரைப் பக்கத்துத் துளைக்கு மாற்றிப் பாருங்கள். இன்னும் ஓடாத எஞ்சின் என்பதால் மாற்றலாம். குறை கூடவே போனால் லிஃப்டரில், அங்கேயே நின்றால் துளையிலோ லோப்பிலோ. எல்லாம் சுற்றுகிறது என்றான பிறகு, எட்டுகிற லோப்களில் மறுபடி கொஞ்சம் பேஸ்ட் தடவி மேனிஃபோல்டை மாட்டுங்கள்.

8. ஸ்டார்ட்டருக்கு முன் ஆயிலை மேலே ஏற்றுங்கள்

டிஸ்ட்ரிபியூட்டர் துளை வழியாக ப்ரைமிங் கம்பியை விட்டு ட்ரில் மிஷினால் ஆயில் பம்ப்பைச் சுற்ற வேண்டும். ஷெவியில் கடிகாரச் சுற்று. ஃபோர்டு ஸ்மால் பிளாக்கில் எதிர்ச்சுற்று.

வெறும் கம்பி போதாது. ஸ்மால் பிளாக்கில் டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பே ஒரு ஆயில் வழியை அடைத்து நிற்கிறது. அதே தடிமனில் உறை உள்ள ப்ரைமிங் கருவி இல்லாவிட்டால் ஆயில் அங்கேயே கசிந்து லிஃப்டர்களுக்குப் போகாது. கேஜில் அழுத்தம் காட்டும், ராக்கர்கள் வறண்டு கிடக்கும். பழைய டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்றின் கியரைக் கழற்றியும் இந்தக் கருவியைச் செய்துகொள்ளலாம்.

அழுத்தம் ஏறியதும் ட்ரில் திணறும், கை முறுக்கிக்கொள்ளாமல் பிடியுங்கள். ஒருவர் ட்ரில்லை ஓட்ட, இன்னொருவர் கிராங்கைக் கால் சுற்றுகளாகத் திருப்பட்டும். 16 ராக்கரிலும் ஆயில் வரும்வரை விடாதீர்கள். சில நிமிடங்கள் ஆகலாம்.

9. முதல் இரண்டு வினாடியில் ஸ்டார்ட் ஆக வேண்டும்

இந்தப் படியின் நோக்கம் இவ்வளவுதான். இழுத்துக்கொண்டே இருக்கும் ஸ்டார்ட்டர்தான் கேமின் எதிரி. அந்த வேகத்தில் ஆயில் தெறிக்காது, பேஸ்ட் வழிந்துவிடும்.

1-ஆம் சிலிண்டரின் பிளக் துளையில் கட்டைவிரலை வைத்து, காற்று தள்ளும்போது உச்சியைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து பின்னால் வந்து, உச்சிக்கு முன் 12 டிகிரியில் டிஸ்ட்ரிபியூட்டரை வையுங்கள். டைமிங் பின்தங்கினால் எக்ஸாஸ்ட் ஹெடர் செக்கச்சிவந்து போகும்.

கார்புரேட்டர் கிண்ணத்தில் வென்ட் குழாய் வழியாகப் பெட்ரோல் ஊற்றி நிரப்புங்கள். பம்ப் இழுத்துக் கொண்டுவரும் என்று காத்திருக்க வேண்டாம். கூலன்ட் நிரம்பி, காற்று வெளியேறியிருக்க வேண்டும். ரேடியேட்டர் முன்னால் ஒரு பெரிய மின்விசிறி, கைக்கெட்டும் தூரத்தில் தீயணைப்பான், திறந்த கராஜ் கதவு, கூடவே ஒரு ஆள்.

பத்து வினாடியில் பிடிக்கவில்லையா, நிறுத்துங்கள். ஸ்பார்க், பெட்ரோல், டைமிங் மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் மறுபடி சாவி.

10. அந்த அரை மணி நேரம்

பிடித்ததும் உடனே 2000 ஆர்.பி.எம்முக்கு மேல் ஏற்றுங்கள். ஐட்லிங் வேண்டவே வேண்டாம். போன வருடம் நண்பன் கராஜில் எஞ்சின் கிடுகிடுவென்று பிடித்த சந்தோஷத்தில் பையன் ஒருவன், "அண்ணா, ஐட்லிங் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருகட்டுமா, சத்தம் கேட்கலாம்" என்றான். கையைத் தட்டிவிட வேண்டியதாயிற்று.

காரணம் இரண்டு. லோப்புக்கு அழுத்தத்தோடு ஆயில் வருவதில்லை. கிராங்க் சுற்றும்போது வாரி இறைப்பதுதான் அதற்குக் கிடைக்கும் ஆயில். மெதுவாகச் சுற்றினால் இறைப்பு குறைவு. இரண்டாவது, ஐட்லிங்கில் லோப்பின் உச்சியில் ஸ்பிரிங்கின் முழு இறுக்கமும் விழும். வேகம் கூடும்போது வால்வு, ராக்கர், லிஃப்டர் எல்லாம் மேலே போகும் வேகத்திலேயே கொஞ்சம் பாரத்தைக் குறைத்துக்கொள்ளும்.

2000-க்கும் 2500-க்கும் இடையில் மெதுவாக ஏற்றி இறக்கிக்கொண்டே 20 முதல் 30 நிமிடம். ஒரே வேகத்தில் வைக்காததற்குக் காரணம், இறைக்கும் ஆயில் ஒவ்வொரு வேகத்திலும் வெவ்வேறு இடத்தில் விழும், எல்லா லோப்புக்கும் பங்கு போகட்டும் என்பதுதான். அரை மணி நேரம் நீளமாகத் தெரியும். ஒருவர் ஆயில் அழுத்தத்தையும் வெப்பத்தையும் விட்டுக் கண்ணெடுக்கக் கூடாது.

பழைய வால்வு கவர் ஒன்றின் மேற்பகுதியை வெட்டி எடுத்து மாட்டினால், ஆயில் அதிகம் தெறிக்காமலேயே புஷ்ராட்கள் சுற்றுவதைப் பார்க்கலாம். சுற்றும் புஷ்ராட்டின் கீழே சுழலும் லிஃப்டர் இருக்கிறது. ஒன்று மட்டும் நின்றால் உடனே எஞ்சினை அணைத்துவிடுங்கள்.

கசிவோ அதிக வெப்பமோ வந்தாலும் அணைத்துவிடுங்கள், ஐட்லிங்கில் விட்டுப் பார்க்க வேண்டாம். "நிறுத்தினால் பிரேக்-இன் கெட்டுவிடும்" என்பது வெறும் பயம். சரிசெய்து, மறுபடி ஸ்டார்ட் செய்து, மீதி நிமிடங்களை முடிக்கலாம். மொத்த நேரம்தான் கணக்கு. கார்புரேட்டர் வழியாகப் பொத்துப் பொத்தென்று வெடித்தாலோ, ஒரு ராக்கர் புதிதாகத் தட்ட ஆரம்பித்தாலோ அது லோப் மழுங்குவதன் முதல் குரலாக இருக்கலாம். காது கொடுங்கள்.

என் முதல் கேம் 12-ஆவது நிமிடத்தில் அப்படித்தான் தட்டியது. "லிஃப்டர் இன்னும் நிறையவில்லை" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு மிச்சத்தையும் ஓட்டினேன். கழற்றியபோது 3-ஆம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் லோப் உருண்டையாகவே ஆகியிருந்தது. அது அரைத்த தூள் மெயின் பேரிங் வரைக்கும் போயிருந்தது. தட்டிய உடனே அணைத்திருந்தால் கேமும் லிஃப்டரும் மட்டும் போயிருக்கும்.

11. அணைத்த பிறகு

ஆயில் சூடாக இருக்கும்போதே வடித்துவிட்டு, ஃபில்டரையும் மாற்றுங்கள். பேஸ்ட் எல்லாம் அதில்தான் இருக்கும், ஆயில் சாம்பல் நிறமாக இருந்தால் பதற வேண்டாம், அது மாலிப்டினம். பழைய ஃபில்டரை வெட்டித் திறந்து காகித மடிப்புகளை விரித்துப் பாருங்கள். காந்தத்தைக் காட்டினால் மெல்லிய கறுப்புக் கசடு ஒட்டும், அது சாதாரணம். பளபளக்கும் செதில்கள் ஒட்டினால் அது லோப். டப்பா வெட்டும்போது சிந்தும் தூளை ஃபில்டர் தூளென்று நினைக்காமல் இருக்க, ரம்பத்தை விட்டுவிட்டு ஃபில்டர் வெட்டும் கருவியைப் பயன்படுத்துங்கள்.

எஞ்சின் ஆறியதும் ராக்கர்களைத் தளர்த்தி, நோட்டை எடுத்து, 16 லோப்பையும் மறுபடி அளங்கள். 0.001, 0.002 அங்குல வித்தியாசம் உங்கள் கைப்பிசகு. ஒரே லோப்பில் மட்டும் 0.010 குறைந்திருந்தால் அந்தக் கேம் போய்விட்டது. ஓட்டிப் பார்க்கலாம் என்று ஆசைப்படாதீர்கள், எஞ்சினைப் பிரித்துக் கழுவ வேண்டியதுதான்.

எல்லாம் சரி என்றால் உள் ஸ்பிரிங்குகளை மாட்டுங்கள், சாலிட் என்றால் சூட்டில் இடைவெளியை மறுபடி செட் செய்யுங்கள், பிரேக்-இன் ஆயிலையே புதிதாக ஊற்றி 500 மைல் ஓட்டுங்கள். அதன்பின் ஆயிலை மாற்றும்போதும் ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். அப்போதிலிருந்து துத்தநாகம் போதிய அளவு உள்ள ஆயில் மட்டும். பிரேக்-இன் முடிந்துவிட்டது என்று சாதாரண மெல்லிய ஆயிலுக்குப் போனவர் ஒருவரின் கேம் அடுத்த கோடையில் என் மேசைக்கு வந்தது.